நவோதயாவா, தனியார் உறைவிடப் பள்ளியா? விஷ்ராந்த்வாடித் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

புணே மாநகராட்சிக்கு உட்பட்ட விஷ்ராந்த்வாடியில், பிள்ளையை விடுதியில் சேர்த்துப் படிக்கவைக்க எண்ணும் தமிழ்க் குடும்பத்தின் முன் முதன்மையாக இரு வழிகள் உள்ளன. நுழைவுத் தேர்வின் மூலம் மாணவரைத் தெரிந்தெடுத்து ஏறத்தாழ இலவசமாகக் கற்பிக்கும் மத்திய அரசின் ஜவாஹர் நவோதயா வித்யாலயா ஒன்று. ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் கட்டணம் பெறும் தனியார் உறைவிடப் பள்ளி மற்றொன்று. இருமொழிக் கொள்கையின் காரணமாகத் தமிழ்நாட்டில் நவோதயா ஒன்றுகூடத் திறக்கப்படாததால் (புதுச்சேரியிலும் காரைக்காலிலும் உண்டு), ஊரிலிருந்து வந்த பெற்றோர் பலர் முதல் வழியைக் கேள்விப்பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் ஹரியாணாவின் ஜஜ்ஜரிலும் 1985-86இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி மாவட்டத்துக்கு ஒன்றாகப் பரவிய இப்பள்ளி, புணே மாவட்டத்தில் ஷிரூர் வட்டத்துப் பிம்ப்ளே ஜக்தாப்பில் இயங்குகிறது. ஆறாம் வகுப்பில் அதிகபட்சம் 80 இடங்கள். அவற்றில் குறைந்தது 75 விழுக்காடு கிராமப்புற மாணவர்களுக்கு உரியவை. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான காலத்தில் சிறிது காலம் நகர்ப்புறப் பள்ளியில் படித்திருந்தாலும் அந்தப் பிள்ளை நகர்ப்புற விண்ணப்பதாரராகவே கொள்ளப்படுவதால், விஷ்ராந்த்வாடிப் பிள்ளைக்கு மிஞ்சுவது சுமார் 20 இடங்கள்தாம். அவற்றிலும் இடஒதுக்கீடு உண்டு, கிராமப்புற மாணவரின் போட்டியும் உண்டு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவதில் பொருளில்லை.

தேர்வு இரண்டு மணி நேரம்; 80 வினாக்கள், 100 மதிப்பெண்கள். இவற்றில் 40 வினாக்கள் மனத்திறன் பகுதியைச் சேர்ந்தவை: மடித்த தாளில் துளையிட்டு விரித்தால் துளைகள் எங்கெங்கே தெரியும், கண்ணாடியில் ஓர் உருவம் எப்படித் தோன்றும் என்பன போன்ற, படங்களைக் கொண்டே விடை காண வேண்டிய வினாக்கள். பாதி மதிப்பெண் இவ்வாறு மொழி சாராததாக இருப்பது, மராத்தியில் வளராத பிள்ளைக்கு உண்மையான அனுகூலம். ஆனால் சேர்ந்தபின் தொடக்க வகுப்புகளில் வட்டார மொழியும் பின்னர் இந்தி, ஆங்கிலமும் பயிற்று மொழிகளாவதையும், ஒன்பதாம் வகுப்பில் ஒரு பகுதி மாணவர் ஓராண்டுக்கு இந்தி பேசும் மாநிலத்து நவோதயாவுக்கு அனுப்பப்படுவதையும் குடும்பம் முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தனியார் வகைக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு, ராஜ்குருநகர் அருகே குன்றின்மேல் 1995இல் கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளை தொடங்கிய சஹ்யாத்ரி பள்ளி. தரவரிசையையும் போட்டியையும் தவிர்த்து, ஆங்கில வழியில் ஐசிஎஸ்இ பாடத்திட்டத்தை நடத்துவது அதன் இயல்பு. இயற்கைச் சூழலும் சிறிய வகுப்புகளும் பொருட்படுத்தத் தக்கவை என்றாலும், வீட்டுக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பம் அந்தக் கட்டணத்துக்காக மேலும் கடன்படுவதை நியாயப்படுத்த இவை போதா. போட்டித் தேர்வே இலக்கு என்றால் பணம் தீர்மானிக்கும் காரணியும் அன்று: நவோதயாவில் 12ஆம் வகுப்பு முடித்த வசதியற்ற மாணவரைத் தெரிந்தெடுத்து, ஜேஇஇ, நீட் தேர்வுகளுக்கு தக்ஷணா அறக்கட்டளை இலவசமாகப் பயிற்சி தரும் வளாகமும் அதே ராஜ்குருநகர் பகுதியில்தான் இருக்கிறது. (ராணுவ நாட்டமுள்ள பிள்ளைக்கு 1961இல் தொடங்கிய சாத்தாரா சைனிக் பள்ளி தனி வழி.)

எங்கு சேர்ந்தாலும் தமிழ் எழுதப் படிக்கக் கற்பிப்பது வீட்டின் பொறுப்பாகவே இருக்கும். அதை வைத்து இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இயலாது. வசதியுள்ள குடும்பமும் முதலில் நவோதயாத் தேர்வை எழுதவைப்பதே முறை. ஏனெனில் விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை, தனியார் பள்ளிகள் பலவற்றில் ஏழு, எட்டாம் வகுப்புகளிலும் சேரலாம். ஆறாம் வகுப்புக்கான நவோதயாத் தேர்வையோ, ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது ஒரே ஒரு முறைதான் எழுத முடியும்.