பழைய கணக்கில் நம் குடும்பம்

சென்ற மாதம் ஒரு சகோதரர் தம் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கான காகிதங்களோடு நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். மகளின் சாதிச் சான்றிதழில் 'லெப்பை' என்று இருந்தது. அவருடைய பாட்டனார் நிலம் வாங்கிய கிரயப் பத்திரத்தில் 'ராவுத்தர்' என்று இருந்தது. "இரண்டில் ஒன்று பொய்தானே? பிள்ளையின் இடம் பறிபோய்விடுமா?" என்று கேட்டார். முகம் வெளிறிப் போயிருந்தது.

அவருக்குச் சொன்ன பதிலை எல்லாக் குடும்பங்களும் தெரிந்துகொள்வது நல்லது. நம் மாநிலப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில் ஏழு பிரிவுகள் உள்ளன. அதில் லெப்பை என்ற வரியிலேயே ராவுத்தரும் மரைக்காயரும் அடக்கம். பேசும் மொழி தமிழானாலும் உருதுவானாலும் சரி என்றும் சேர்த்து எழுதியிருக்கிறது. ஆகவே பாட்டனாரின் பத்திரமும் பேத்தியின் சான்றிதழும் ஒன்றோடொன்று மோதவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளை இப்போது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

இந்தக் குழப்பம் வெகு காலத்துக்கு முந்தியது. சென்னை மாகாணத்தில் முறையான குடிமதிப்பு 1871-இல் தொடங்கியது. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நாடு முழுதும் ஒரே நேரத்தில் எண்ணினார்கள். ஒவ்வொரு ஊரிலும் மக்கள் தங்களைச் சொல்லிக்கொண்ட விதம் வேறு. எழுதியவர்கள் புரிந்துகொண்ட விதம் வேறு. சென்னையில் உட்கார்ந்து தொகுத்தவர்களுக்கோ கைக்கு அடங்கும் அளவில் தலைப்புகள் வேண்டியிருந்தன. தமிழ் பேசும் முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் அதில் 'லெப்பை' என்ற தலைப்புக்குள் போனார்கள். 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய நூலோ, 'ராவுத்தர்' என்பதைத் தனிக் கூட்டமாகக் கொள்ளாமல் லெப்பை, மரைக்காயர், சோனகர் ஆகியோர் போட்டுக்கொள்ளும் பட்டப் பெயராகவே குறிக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். ராவுத்தர் வீடுகளில் லெப்பை என்றால் ஃபாத்திஹா ஓத வருபவர் அல்லவா? ஆகவே பழைய காகிதத்தில் 'லெப்பை' என்று கண்டால், அது ஓதும் பணியா, கூட்டத்தின் பெயரா, கணக்குக்காரர் போட்ட தலைப்பா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களின் பதிவு இன்னும் குழப்பும். இலங்கைக் கணக்கில் நம்மவர் 'சோனகர்' ஆனார்கள். 1911 முதல் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று பிரித்தும் எழுதினார்கள். பர்மாவிலும் பினாங்கிலும் 'சூலியா' என்றார்கள். ஒரே தகப்பனுக்குப் பிறந்த மூன்று மக்கள் ஊரில் லெப்பை, கொழும்பில் சோனகர், பினாங்கில் சூலியா என்று பதிவாகியிருக்க வழியுண்டு.

அன்றைய கணக்கு ஓர் இரவுக் கணக்கு. 1901-இல் அது மார்ச் 1 இரவு. அன்றிரவு ஆள் எங்கே தங்கினாரோ அந்த இடத்துக் கணக்கில் சேர்ந்தார். வியாபாரத்துக்குப் போன ஆண்கள் சொந்த ஊர்க் கணக்கில் வரமாட்டார்கள். ஓர் அட்டவணையில் முஸ்லிம் பெண்களின் தொகை ஆண்களைவிடக் கூடுதலாக இருந்தால் அச்சுப் பிழை என்று தள்ளிவிடாமல், கொழும்புக்கும் ரங்கூனுக்கும் போனவர்களை நினைத்துப் பாருங்கள்.

எழுத்தறிவுப் பத்தியும் அப்படித்தான். 1901-இல் எழுதவும் படிக்கவும் இரண்டும் தெரிய வேண்டும் என்றார்கள். 1911-இல் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதி, வரும் பதிலைப் படிக்கத் தெரிய வேண்டும் என்று அளவுகோலே வைத்தார்கள். குர்ஆனைத் தினமும் ஓதி, அரபுத் தமிழ்க் கிதாபுகளை வாசித்து, எழுதப் பழகாமலே இருந்த நம் பாட்டிமார்கள் இந்த அளவுகோலில் எழுத்தறிவற்றவர்கள். ஓதத் தெரிந்த ஒருவரை இப்படி எழுதிவைத்தது நமக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

அதைவிட வருத்தம் தருவது பெயர்ப் பத்தி. வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்ல மறுத்தால் 'பெண்' என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்பது அன்றைய கணக்கெடுப்பாளருக்குத் தந்த அறிவுரை. நம் வீடுகளில் மறுத்திருக்க மாட்டார்களா என்ன? மானம் கருதிச் செய்தார்கள். பேரப் பிள்ளைகளுக்குப் பெயர் தெரியாமல் போயிற்று.

எப்படியும், வீட்டுவாரியான அந்தப் பழைய தாள்களைத் தேடி அலைய வேண்டாம். கூட்டிக் கழித்து அட்டவணை போட்டபின் அவற்றை வைத்துக் காக்கும் வழக்கம் அன்று இல்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி தனி ஆள் விவரத்தை யாரும் பார்வையிடவும் முடியாது, வழக்கில் சாட்சியாக வைக்கவும் முடியாது. நமக்குக் கிடைப்பவை அச்சிட்ட அறிக்கைகளும், 1951 முதல் ஊர்வாரித் தொகை தரும் மாவட்டக் கைநூல்களும்தான். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் ஊர்ப் பெயரிலும் கவனமாக இருக்க வேண்டும். தென்காசிப் பக்கமும் ஓர் ஆலங்குளம் இருக்கிறது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமையும்வரை அந்த ஊரும் நம் ஊரும் ஒரே திருநெல்வேலி மாவட்டம். ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து நகல் எடுத்து வந்தார். பார்த்தால் அத்தனையும் அந்த ஆலங்குளத்துக் கணக்கு! 1910-க்குப் பின் நம் ஊரை இராமநாதபுரத்திலும், 1985-க்குப் பின் புதிதாகப் பிரிந்த, இன்று விருதுநகர் எனப்படும் மாவட்டத்திலும் தேட வேண்டும்.

பெயரோடு முன்னோரைத் தேடுகிறவர்களுக்குப் பள்ளிவாசல் நிக்காஹ் தஃப்தரே முதல் வாசல். மணமகள் பெயர், தகப்பன் பெயர், மஹர் தொகை, சாட்சிகள் என்று கணக்கெடுப்பாளர் விட்டதெல்லாம் அதில் இருக்கும். அடுத்தது கிரயப் பத்திரம், பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காக 2002, 2005 பட்டியல்களில் தேடியபோது நாம் பட்ட பாடு நினைவிருக்கும். ராவுத்தர், ரவுத்தர், இராவுத்தர், பீவி, பீபி, முகமது, முகம்மது, வெறும் 'மு.' என்று ஒரே ஆளை நான்கு விதமாக எழுதியிருந்தார்கள். தேடும்போது எல்லா எழுத்திலும் தேடுங்கள்.

வரும் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. சுதந்திரத்துக்குப் பின் நடக்கும் கணக்கெடுப்புகளில் முதல் முறையாக இதில் எல்லோரிடமும் சாதி கேட்கப்படும். கேள்வி வரும் அன்று அத்தா ஒன்று, மகன் ஒன்று என்று சொல்லாமல், சான்றிதழில் என்ன இருக்கிறது என்று இப்போதே வீட்டில் பார்த்துப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். பெண்களின் பெயரை முழுதாகச் சொல்லுங்கள்.

பத்திரமோ சான்றிதழோ புரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் டிரஸ்ட் அலுவலகம் வரலாம். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து படித்துப் பார்ப்போம். மூலத்தை வீட்டில் வைத்துவிட்டு நகலைக் கொண்டுவாருங்கள்.