நீல அட்டைக் கையேடு

போன வருடம் இரண்டாம் தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். உயர்தர வகுப்பு, தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடம். ‘கீழ்வரும் செய்நிரலின் வெளியீடு யாது?’ என்று ஒரு சின்னக் கேள்வி. ஏழு கிலோ சூடை மீனை இரண்டு வீட்டுக்குச் சமமாகப் பங்கிடும் கணக்கு. விடை 3.5. நான்கு பிள்ளைகள் 3 என்று எழுதியிருந்தார்கள். வகுத்தல்கூடத் தெரியாதா என்று முணுமுணுத்தபடி நான்கையும் சிவப்புப் பேனையால் வெட்டினேன்.

தாள்களைக் கொடுத்த அன்று ஒரு பிள்ளை மட்டும் வீட்டுக்குப் போகாமல் நின்றாள். கற்பிட்டிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருபவள். வாப்பா கடலுக்குப் போகிறவர்.

“டீச்சர், கோவிக்க வேணாம். உங்கட புத்தகத்தில 3 எண்டுதானே போட்டிருக்கு?”

அவள் நீட்டியது நீல அட்டை போட்ட பைத்தன் கையேடு. நான் எழுதியதுதான். ஆசிரியையாக வந்த முதல் வருடம், 2013இல், தமிழில் எளிய பயிற்சிகள் கிடைக்கவில்லையே என்று இரவிரவாக இருந்து எழுதிய நாற்பது பக்கம். போட்டோ கொப்பியாகி, ராத்தாமாரிடமிருந்து தங்கச்சிமாருக்குப் போய், அவளிடம் வந்திருந்தது. அட்டையில் என் கையெழுத்திலேயே ‘திருத்திய பதிப்பு 2020’ என்று இருந்தது. பதினோராம் பக்கத்தில் அதே மீன் கணக்கு. கீழே ‘விடை: 3’.

அந்தத் திருத்தத்தின் கதையைத்தான் எழுத வந்தேன். பாடமும் அதற்குள்ளேயே இருக்கிறது. (நமது சஞ்சிகை முழுக்கத் தமிழ் எழுத்தில் வருவதால் கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன். கணினியில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.)

பைத்தன் மொழியை உருவாக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரொசம். 1991இல் முதற்பதிப்பு வெளிவந்தது. பாம்புக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. பிரித்தானியத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றின் பெயரிலிருந்து எடுத்தது. வளர வளர மொழியில் சில பழைய பிழைகள் உறுத்தத் தொடங்கின. அவற்றைக் களைய 2008 டிசம்பரில் பைத்தன் 3 வந்தது. பழைய செய்நிரல்கள் அதில் அப்படியே ஓடா என்று தெரிந்தே வெளியிட்டார்கள். அதனால் பழையதற்கும் நீண்ட தவணை கொடுத்தார்கள். முதலில் 2015 வரை என்றார்கள். பிறகு 2020 ஜனவரி 1 வரை நீட்டினார்கள். நான் கையேடு எழுதிய காலத்தில் எனக்குப் பழகியிருந்தது 2.7 பதிப்பு.

2020இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, இனிப் பைத்தன் 3தானே என்று கையேட்டைத் திருத்த உட்கார்ந்தேன். எல்லோருக்கும் தெரிந்த மாற்றம் ஒன்று உண்டு. பழையதில் பிரிண்ட் "உப்பு" என்று எழுதினால் போதும். புதியதில் பிரிண்ட்("உப்பு") என்று அடைப்புக்குறி வேண்டும். தேடி மாற்றும் வசதியால் அரை மணி நேரத்தில் எல்லா இடத்திலும் அடைப்புக்குறி போட்டு முடித்தேன். ‘திருத்திய பதிப்பு’ என்று அட்டையில் எழுதினேன். ஓர் உதாரணத்தையேனும் கணினியில் ஓட்டிப் பார்க்கவில்லை.

அடைப்புக்குறியை மறந்தால் பைத்தன் 3 உடனே கத்தும். எந்த வரி, என்ன குறை என்று சொல்லிவிடும். அப்படிக் கத்துகிற பிழையால் பெரிய ஆபத்தில்லை. வாய் திறக்காமல் விடையை மட்டும் மாற்றிவிடுகிற மாற்றங்களே என்னைப் பிடித்தன.

மீன் கணக்கைப் பாருங்கள். பைத்தன் 2இல் நிறைவெண்ணை நிறைவெண்ணால் வகுத்தால் ஈவு மட்டும் வரும். 7 / 2 என்றால் 3. வீட்டுக்கு மூன்று கிலோ, இரண்டு வீட்டுக்கு ஆறு. மிச்சம் ஒரு கிலோ மீன் எங்கே? பூனைக்குக்கூடப் போகவில்லை, கணக்கிலேயே காணாமல் போனது. இது சரியில்லை என்று வான் ரொசமும் மற்றவர்களும் முன்பே கண்டிருந்தார்கள். 2001இல் வந்த 2.2 பதிப்பிலேயே // என்ற தனிக்குறியைச் சேர்த்தார்கள். பைத்தன் 3இல் / என்றால் முழுமையான வகுத்தல், 7 / 2 இன் விடை 3.5. ஈவு மட்டும் வேண்டுமென்றால் 7 // 2 என்று எழுத வேண்டும். மீதிக்கு 7 % 2.

அப்படியானால் எல்லா / குறியையும் // ஆக மாற்றிவிட்டால் போதாதா? போதாது. என் கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் வேறொரு கணக்கு இருந்தது. நூறு கருவாட்டுப் பொதிகள், ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு, எத்தனை பெட்டி நிறையும்? இங்கே எட்டுப் பெட்டி, மீதி நான்கு பொதி என்பதே தேவை. பைத்தன் 3இல் / போட்டால் 8.333 என்று நீளும். எட்டேகால் பெட்டிக்கும் சற்று அதிகமாக எந்த முதலாளி லொறியில் ஏற்றுவார்? ஆகவே கருவாட்டுக்கு //, மீனுக்கு /. பழைய மொழியில் இரண்டுக்கும் ஒரே குறிதான். பழைய செய்நிரலைப் புதியதாக மாற்ற ‘டூ டு த்ரீ’ என்றொரு கருவியைப் பைத்தனோடே தந்தார்கள். அடைப்புக்குறியெல்லாம் அதுவே போட்டுவிடும்; வகுத்தலை மட்டும் தொடாது. எழுதியவர் பங்கிட நினைத்தாரா, பெட்டி எண்ண நினைத்தாரா என்பது கருவிக்கு எப்படித் தெரியும்? எழுதிய எனக்குத்தான் தெரியும். நானோ பார்க்கவில்லை.

அடுத்தது இன்புட் கட்டளை. ‘ஒரு லொறிக்கு எத்தனை மூட்டை?’ என்று கேட்டு, தட்டிய எண்ணை இரண்டால் பெருக்கி, இரண்டு லொறி உப்புக்கு விடை சொல்லும் பயிற்சி. பாலாவி உப்பளத்தை நினைத்து எழுதியது. பைத்தன் 2இல் 12 என்று தட்டினால் 24 வரும். பைத்தன் 3இல் நாம் எதைத் தட்டினாலும் அது சரமாகவே, அதாவது எழுத்துக்கோவையாகவே உள்ளே போகும். சரத்தை இரண்டால் பெருக்கினால் இரண்டு தடவை எழுதிவிடும். விடை 1212! வகுப்பில் இதை ஓட்டிக் காட்டியபோது பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். இன்ட்( ) என்று சுற்றி எழுதி நிறைவெண்ணாக மாற்றினால் சரியாகும்.

ரவுண்ட் கட்டளையும் மாறியிருந்தது. பைத்தன் 2 இரண்டரையை 3 ஆக மட்டந்தட்டும், நாம் கணித வகுப்பில் படித்தது போல. பைத்தன் 3 அதையே 2 என்கிறது. மூன்றரையை 4 என்கிறது. சரிபாதி வரும்போது பக்கத்திலுள்ள இரட்டை எண்ணுக்குப் போவது அதன் விதி. பாதியை எப்போதும் மேலே தள்ளினால், ஆயிரம் எண்களைக் கூட்டும்போது மொத்தம் சற்று ஊதிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

நமக்குச் சொந்தமான ஒரு மாற்றமும் உண்டு. அதைப் பார்த்தபோது உண்மையில் மகிழ்ந்தேன். ‘உப்பு’ என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று பைத்தன் 2இடம் சாதாரண சரமாகக் கொடுத்துக் கேட்டால் 15 என்று சொல்லும். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். அது பைட்டுகளை எண்ணுகிறது. பைத்தன் 3 யுனிக்கோட் குறியீடுகளை எண்ணி 5 என்கிறது: உ, ப, புள்ளி, ப, உகரக்குறி. நமது தமிழ் டீச்சரிடம் கேட்டால் உ, ப், பு, மூன்றே எழுத்து என்பார். தமிழ் டீச்சர் சொல்வதே சரி. அப்படி எண்ணித் தர ‘ஓப்பன் தமிழ்’ என்ற திறந்த மூல நிரலகம் இருக்கிறது. அதில் உழைத்தவர்களுள் ஒருவரான முத்து அண்ணாமலைதான் தமிழிலேயே கட்டளை எழுதும் ‘எழில்’ மொழியையும் உருவாக்கியவர். பைத்தன் 3இல் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரும் வைக்கலாம். மீன் = 7 என்று தட்டிப் பாருங்கள், ஏற்றுக்கொள்ளும். பழையது மறுத்துவிடும். பரீட்சையில் மட்டும் ஆங்கிலப் பெயரே எழுதுங்கள்.

இந்தத் தடவை தேடி மாற்றவில்லை. கொப்பியில் இரண்டு நிரல் கோடு கிழித்தேன். ஒரு பக்கம் நான் எதிர்பார்க்கும் விடை, மறுபக்கம் கணினி சொன்ன விடை. ஒவ்வொரு உதாரணத்தையும் கையால் தட்டி ஓட்டினேன். 62இல் ஒன்பது ஒத்துவரவில்லை. ஒன்பதில் இரண்டு, 2013இலேயே பிழையானவை. பைத்தன்மேல் பழி போட முடியாத பிழைகள்.

அந்த நான்கு பிள்ளைகளின் புள்ளி? மீன் கணக்கை மொத்தப் புள்ளியிலிருந்தே நீக்கிவிடுகிறேன் என்றேன். நின்று கேட்ட பிள்ளை தலையை ஆட்டினாள்.

“பொதுப் பரீட்சையில அப்பிடி நீக்கித் தர மாட்டாங்கதானே டீச்சர். சரியானதச் சொல்லித் தாங்க, அது போதும்.”

இருந்தும் நீக்கினேன். பிழை என்னுடையது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மூத்தவளின் சீருடையைச் சுருக்கி இளையவளுக்குக் கொடுப்பது நமது வீடுகளில் வழமை. கையேடுகளையும் அப்படியே கொடுக்கிறோம். கொடுக்கும்போது எந்த வருடத்தது, எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் லெப்டொப் இல்லாவிட்டால் உங்கள் கைத்தொலைபேசியைக் கால் மணி நேரம் கொடுங்கள். அதிலும் பைத்தன் ஓடும்.

புதிய கையேட்டுக்குப் பச்சை அட்டை போட்டிருக்கிறேன். முதற்பக்கத்தில் பைத்தன் 3 என்றும், உதாரணங்களைக் கடைசியாக ஓட்டிப் பார்த்த திகதியும் இருக்கிறது. நீல அட்டைப் பிரதிகளில் இதுவரை பதினேழு திரும்பி வந்துவிட்டன. ஆலங்குடாவிலும் கொத்தாந்தீவிலும் இன்னும் சில இருப்பதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் ஒன்று கிடந்தால் மகளிடம் கொடுத்தனுப்புங்கள். பச்சை அட்டை ஒன்றை மாற்றித் தருகிறேன்.