கஞ்சி போட்ட பாவு

இந்தூரில் இருக்கும் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானுக்கு மாதிரி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது கதிர்வீச்சைப் பற்றித்தான். ஆபத்தா, முடி கொட்டுமா, நாளைக்குக் குழந்தை பிறக்குமா என்கிறார்கள். என் அம்மாவும் அதைத்தான் கேட்டார். கதிர்வீச்சால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு படிவத்தில் நான் எழுதிய இரண்டே சொற்களால் இருபத்துநான்கு மணி நேர எக்ஸ்கதிர்க் கற்றையும் பதினான்கு மாதமும் போயின. "பட்டு நூல்" என்று எழுதியிருந்தேன்.

நான் ஆரணிக்காரி. வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா, மற்றதில் சித்தப்பா. பட்டு இழையின் உள்ளமைப்பு என்ற ஆய்வுத் தலைப்பை எனக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. தறியில் நாள் முழுக்க நீளவாக்கில் இழுபட்டுக்கொண்டே நிற்கிறதே அந்தப் பாவு, அதன் இழைக்குள் என்ன நடக்கிறது என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே என் கேள்வி.

பட்டுப்புழு உமிழும் இழையில் இரண்டு புரதங்கள் உண்டு. நடுவில் ஃபைப்ராயின், அதைச் சுற்றிப் பசைபோல செரிசின். சோப்பும் சோடாவும் போட்டு அவித்தால் செரிசின் போய்விடும். எடையில் ஏறக்குறையக் கால் பங்கு குறையும். மிஞ்சும் ஃபைப்ராயினில் கிளைசினும் அலனினும் மாறி மாறி வரும் பகுதிகள் தகடு தகடாக அடுக்கிக்கொண்டு நுண்படிகங்களாக நிற்கும். மற்ற பகுதிகள் ஒழுங்கில்லாமல் கிடக்கும். எக்ஸ்கதிரைச் செலுத்தினால் படிகப் பகுதி கூர்மையான வில்களைக் காட்டும், ஒழுங்கற்ற பகுதி மங்கலான ஒரு வளையத்தைக் காட்டும். இரண்டுக்கும் உள்ள விகிதத்தை வைத்து இழையின் படிகத்தன்மையைக் கணக்கிடலாம். பழைய கலைதான் இது. ஹெர்சாக்கும் யாங்க்கேயும் 1920-லேயே பட்டில் எக்ஸ்கதிர் செலுத்தி அதற்குள் படிகம் இருப்பதைக் காட்டினார்கள். 1955-இல் மார்ஷ், கோரி, பாலிங் மூவரும் அந்தப் படிகத்தின் அமைப்பைச் சொன்னார்கள். அதற்கு ஓராண்டு முன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் இதே இழைப்பட முறையில்தான் கொலாஜனின் கட்டமைப்பைப் பிடித்தார்கள். நம் ஊரிலிருந்து இதெல்லாம் ஆகாது என்று யாராவது சொன்னால் இந்த ஒன்றைச் சொல்லுங்கள்.

எங்கள் கல்லூரி எக்ஸ்கதிர்க் கருவியில் ஒற்றைப் பாவு நூலை வைத்தால் மணிக்கணக்கில் காத்திருந்தும் படம் தேறவில்லை. அதனால்தான் இந்தூர். அங்கே ராஜா ராமண்ணா உயர்தொழில்நுட்ப மையத்தில் 172 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் 250 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு எலக்ட்ரான்கள் சுற்றுகின்றன. அவை வளையும் இடங்களில் வெளிப்படும் எக்ஸ்கதிர்க் கற்றையைத்தான் பீம்லைன் வழியே நம் மாதிரிமேல் விழவைக்கிறார்கள். கடின எக்ஸ்கதிர் தரும் சிங்க்ரோட்ரான் இந்தியாவில் இது ஒன்றுதான்.

போய்ச் சேரும் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். காட்பாடியில் ரயில் ஏறுங்கள், போபாலில் இறங்கி வண்டி மாறுங்கள். அணுசக்தித் துறை வளாகம் என்பதால் நேராகப் போய் நுழைந்துவிட முடியாது. பெயர், அடையாள அட்டை, கொண்டுபோகும் கருவி எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், விண்ணப்பத்தில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். மூன்றும் மூன்று ஆள் மாதிரித் தெரியும். ஆதாரில் எப்படியோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதிவிடுங்கள். இந்தி தெரியாதது எனக்குத் தடையாக இருந்ததில்லை.

பாதுகாப்பு வகுப்பில் சொன்னதை ஒரு வரி விடாமல் கேட்டேன். நீங்களும் கேளுங்கள், தூங்காதீர்கள். நம் நாட்டு விதிப்படி பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். கதிர்வீச்சுப் பணியாளர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20, எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. மார்பில் மாட்டும் அளவியை மார்பில்தான் மாட்ட வேண்டும், பையில் போட்டுக்கொண்டால் அது பையின் அளவைத்தான் சொல்லும். கர்ப்பமாக இருக்கிறவர்கள், இருக்கலாமோ என்று நினைக்கிறவர்கள் கூச்சப்படாமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மாதிரியை வைப்பது ஹட்ச் என்ற ஈயம் பொதித்த அறைக்குள். உலகத்தில் எந்தச் சிங்க்ரோட்ரானுக்குப் போனாலும் அதை மூடும் முறை ஏறக்குறைய ஒன்றேதான். ஒருவர் உள்ளே போய் மூலை முடுக்கெல்லாம் பார்ப்பார், கடைசிச் சுவரில் இருக்கும் பொத்தானை அழுத்துவார், குறித்த நேரத்துக்குள் வெளியே வந்து கதவை மூடுவார், எச்சரிக்கை ஒலிக்கும், அதற்குப் பிறகுதான் கற்றை உள்ளே வரும். கதவு திறந்தால் கற்றை தானாக நின்றுவிடும். உள்ளே அகப்பட்டுக்கொண்டால் அழுத்துவதற்குச் சிவப்புப் பொத்தான் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று முதல் முறை நுழைந்தபோதே தொட்டுப் பார்த்துவிட்டேன். இந்த இடத்தில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. இரவு மூன்று மணிக்குக் கண் எரிந்தபோதும் ஒவ்வொரு முறையும் முழுதாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன். அதில் எனக்குப் பெருமை உண்டு.

தப்பு ஆரணியிலேயே நடந்துவிட்டது. மாதிரி விவரப் படிவம் என்று ஒன்று உண்டு. பொருள் என்ன, அதன்மேல் என்ன பூசியிருக்கிறது, சூடானால் உருகுமா, ஆவியாகுமா, நச்சா என்றெல்லாம் கேட்பார்கள். ஆய்வகத்தில் எனக்கு மூத்த மாணவர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்தார். "பட்டு நூல்னு போடு. நச்சு இல்லைன்னு டிக் அடி. நிறைய எழுதினா நிறைய கேள்வி வரும்" என்றார். நானும் அப்படியே செய்தேன். அவர் அதன்பிறகு எத்தனையோ பேருக்கு இதே ஆலோசனையைச் சொல்லியிருக்கிறார் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். நிறைய கேள்வி வரட்டும். கேள்வி வரவேண்டும் என்றுதான் அந்தப் படிவமே இருக்கிறது.

நான் கொண்டுபோனது மூன்று வகை நூல். சிட்டமாக வந்த, அவிக்காத கோரா நூல், அவித்துச் சாயம் போட்ட நூல், அப்பாவின் தறியில் பாவாக இழுபட்டு நின்ற நூல். மூன்றாவதை நான் தறியிலிருந்து வெட்டியெடுத்தபோது அம்மா தார் சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்.

"அது கஞ்சி போட்ட பாவு. அலசி எடுத்துக்கினு போ."

"கஞ்சியெல்லாம் எக்ஸ்ரேவுல தெரியாதும்மா."

அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது அப்படியே இதுதான். பட்டுப் பாவைப் பொழுது விடியும்போதே தெருவில் நீளமாக விரித்து, அரிசிக் கஞ்சி தெளித்து, பிரஷ்ஷால் வாரி, வெயில் ஏறுமுன் காயவிடுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். கஞ்சி ஏறினால்தான் இழை பிசிறாமல் அச்சிலும் விழுதிலும் உரசலைத் தாங்கும். எங்கள் வீட்டில் அதோடு சொட்டுத் தேங்காயெண்ணெயும் சேர்ப்பார்கள். இவ்வளவும் தெரிந்தவள், ஆய்வகத்துக்குள் கால் வைத்ததும் இதெல்லாம் விஞ்ஞானத்தில் சேராத வீட்டுச் சங்கதி என்று ஒதுக்கிவிட்டேன்.

அலசாமல் கொண்டுபோனது தப்பு என்று நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தறியில் இருக்கிற நிலையில்தான் அந்த நூலை நான் பார்க்க வேண்டும். நனைத்துக் காயவைத்தால் அது வேறு நூல். எழுதாததும், எழுதாத காரணத்தால் கஞ்சிக்கு ஒப்பீடாகத் தனி மாதிரி ஒன்று வைத்துக்கொள்ளாததும்தான் தப்பு. பீம்லைனில் நூலைத் தாங்கியில் ஒட்டும்போது அங்கிருந்த விஞ்ஞானிகூட ஒரு முறை கேட்டார், வெறும் பட்டுதானே என்று. ஆமாம் என்றேன்.

மூன்று ஷிப்ட், எட்டெட்டு மணி நேரம். படங்கள் அழகாக வந்தன. ஊருக்கு வந்து கணக்குப் போட்டேன். கோரா நூலைவிட அவித்த நூலில் படிகத்தன்மை கூடியிருந்தது. செரிசின் போனதால் அப்படித்தான் வரவேண்டும். தறிப் பாவில் மறுபடி குறைந்திருந்தது. மங்கல் வளையம் தடித்திருந்தது. போதாததற்கு 5.2 ஆங்ஸ்ட்ராம் பக்கத்தில், பட்டுக்குச் சொந்தமில்லாத மெல்லிய வளையம் ஒன்று. அதன் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டுவைத்துவிட்டு, தறியின் இழுவிசை படிகங்களை உடைக்கிறது என்று ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். கருத்தரங்கில் அதைக் காட்டியபோது முன்வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவர், கைத்தறிப் பாவே தரம் குறைந்ததுதான், வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்றார். புவிசார் குறியீடு வாங்கிய ஆரணிப் பட்டை, அப்பா கையால் நெய்த பாவை, ஒருவர் சபை நடுவில் அப்படிச் சொல்வதற்கு நானே ஆதாரம் எடுத்துக் கொடுத்திருந்தேன். அன்று இரவு பேருந்தில் வேலூர் வரும்வரை அழுதேன்.

மறுநாள் அப்பா தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்திருந்தார். பாவின் மேல் தண்ணீரைத் தொட்டுத் தடவினார். அவர் விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ குழைந்து ஒட்டியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வாரம் ஆய்வகத்திலிருந்து அயோடின் கரைசலைச் சிறு குப்பியில் கொண்டுவந்து மிச்சப் பாவில் ஒரு சொட்டு விட்டேன். கருநீலமாக மாறியது. அவித்த சிட்டத்தில் விட்ட சொட்டு பழுப்பாகத்தான் நின்றது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்கிற சோதனை.

வெந்த கஞ்சியில் மாவுச்சத்தின் படிக ஒழுங்கு குலைந்துபோகும். அதனால் அது கூர்மையான கோடு தராமல் பட்டின் மங்கல் வளையத்தோடு வளையமாகக் கலந்துவிடும். காய்ந்து நாளானால் கொஞ்சம் ஒழுங்கு திரும்பும், அதன் முதன்மைக் கோடு வருவது 5.2 ஆங்ஸ்ட்ராமில். என் கேள்விக்குறி பச்சரிசிச் சோற்றின் மேல் நின்றிருக்கிறது. அத்தியாயத்தைக் கிழித்தேன். புதிதாக விண்ணப்பித்து மறுபடி கற்றை நேரம் கிடைப்பதற்குப் பதினான்கு மாதம் ஆயிற்று.

இரண்டாம் முறை போனபோது கஞ்சியைத் தனியாகக் காய்ச்சி, கண்ணாடித் தகட்டில் காயவைத்து, அதையும் ஒரு மாதிரியாக எடுத்துப்போனேன். கஞ்சி போட்ட பாவு, போடாத பாவு, இழுத்துக் கட்டியது, தளர்வாக விட்டது எல்லாம் இருந்தது. ஷிப்ட் தொடங்கியதும் முதலில் லாந்தனம் ஹெக்ஸாபோரைடில் ஒரு படம் எடுத்து டிடெக்டர் தூரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், பிறகு மாதிரி இல்லாத வெறும் தாங்கிக்கு ஒரு படம், நடுவில் டிடெக்டரை அசைத்தால் மறுபடி ஹெக்ஸாபோரைடு. ஒரே இடத்தில் நெடுநேரம் கற்றை பட்டால் புரதம் கெடும், நூலை நகர்த்தி நகர்த்தி எடுங்கள். ஜரிகை சுற்றிய நூலைத் தனி உறையில் வையுங்கள், வெள்ளியும் செம்பும் பட்டின் கோடுகளை அமுக்கிவிடும். கஞ்சியின் பங்கைக் கழித்துப் பார்த்தபோது தறிப் பாவின் படிகத்தன்மை அவித்த நூலோடு ஒத்து நின்றது. ஆரணிப் பாவில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பேராசிரியருக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். பதில் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் தறி இருக்கும், அல்லது சாயப்பட்டறையோ களம்பூர்ப் பக்கம் அரிசி ஆலையோ இருக்கும். அங்கே வேலை செய்கிறவர்களிடம் உட்கார்ந்து, இந்தப் பொருள் இந்தக் கைக்கு வருவதற்கு முன் என்னென்ன பட்டது என்று கேட்டு, அவர்கள் சொல்கிற வரிசையிலேயே எழுதுங்கள். என் இரண்டாம் படிவத்தில் மாதிரி விவரத்துக்கு இடம் போதாமல் தனித்தாள் இணைத்தேன். பச்சரிசி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் கொதி, எண்ணெய் எத்தனை சொட்டு, எந்த மாதத்து வெயில் என்று அம்மா தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதியது. மாதிரி தயாரித்தவர் என்ற இடத்தில் அப்பா, அம்மா இருவர் பெயரையும் போட்டேன். ஆய்வேட்டின் வரைவிலும் அதே பெயர்கள் இருந்தன. நன்றியுரையில் போட்டால் போதும், செய்முறை அத்தியாயத்தில் வேண்டாம் என்று வழிகாட்டி சிவப்பு மையில் அடித்துக் கொடுத்தார். அச்சுக்குப் போகும் பிரதியில் மறுபடி எழுதிச் சேர்த்தேன்.