டேங்கர் தண்ணீரும் ரேடியேட்டர் மூடியும்

கேள்வி: சொந்த ஊர் சேலம் பக்கம். பன்னிரண்டு வருடமாக வைட்ஃபீல்டில், கடுகோடிக்குப் பக்கத்தில் ஓர் அபார்ட்மென்டில் குடியிருக்கிறோம். 2013 மாடல் சின்ன பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். டெம்பரேச்சர் முள் மேலே ஏறிவிட்டது. ஏசியை அணைத்ததும் இறங்கியது. அதிலிருந்து நாலு மாதமாக வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. பார்க்கிங் குழாயில் பிடித்துத்தான் ஊற்றுகிறேன். பக்கத்து மெக்கானிக், "நீரு ஹாக்கி சார், ஏனூ ஆகல்ல" (தண்ணீர் ஊற்றுங்க சார், ஒன்றும் ஆகாது) என்கிறார். லாரி ஓட்டிய என் மாமனார், "ஏசித் தண்ணியப் புடிச்சு ஊத்துங்க மாப்ளே, அது மழைத் தண்ணி மாதிரி" என்கிறார். மனைவி ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றச் சொல்கிறார். எங்கள் அபார்ட்மென்டில் சாஃப்ட்னர் இருக்கிறது, இப்போது காவிரி லைனும் வந்துவிட்டது. எந்தத் தண்ணீர் சரி? கூலன்ட் கட்டாயம் வேண்டுமா? நம் ஊரில் என்ன ஐஸா கட்டப்போகிறது?

- ஒரு வாசகர், வைட்ஃபீல்ட்

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். ஐஸ் கட்டாதுதான். பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1884 ஜனவரியில் 7.8 டிகிரி. ஆனால் கூலன்ட் பாட்டிலில் உறையாமல் காக்கும் கிளைக்காலோடு, உலோகத்தைத் துருவிலிருந்து காக்கும் ரசாயனங்களும் இருக்கின்றன. நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது சரக்கு. உங்கள் காரின் ரேடியேட்டர் அலுமினியம், சிலிண்டர் ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பாக இருக்கலாம். ஒரே தண்ணீரில் இரண்டு உலோகத்தை ஊறவைத்து, 90 டிகிரியில் சூடாக்கி, வருடக்கணக்கில் ஓட்டுகிறோம். காவல் இல்லாமல் விட்டால் ஒன்றை ஒன்று தின்னத்தான் செய்யும்.

இப்போது ஒரு கணக்கு. இந்த அளவு காரில் கூலன்ட் சுமார் ஐந்து லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். வாரம் அரை லிட்டர் ஒழுகி, அந்த இடத்தில் வெறும் தண்ணீர் சேர்ந்தால், வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூலன்ட் போகிறது. பதினாறு வாரத்தில் மிச்சம் இருப்பது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. டப்பாவில் இன்னும் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரிவது வெறும் சாயம்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். பார்க்கிங் குழாய் என்றீர்களே, அது எந்த லைன் என்று மெயின்டனன்ஸ் ஆட்களிடம் கேட்டீர்களா? பெங்களூரின் பெரிய அபார்ட்மென்டுகளில் ஃப்ளஷுக்கும் தோட்டத்துக்கும் பார்க்கிங் கழுவுவதற்கும் வருவது பெரும்பாலும் எஸ்.டி.பி.யில் சுத்திகரித்த கழிவுநீர். செடிக்கு அது போதும். இன்ஜினுக்குள் போகக்கூடிய வரிசையில் அதற்குக் கடைசி இடம்கூடக் கிடையாது.

அந்தக் குழாயில் போர் தண்ணீர், டேங்கர் தண்ணீர் வந்தாலும் கதை பெரிதாக மாறாது. வைட்ஃபீல்ட் வருடக்கணக்காக போரையும் டேங்கரையும் நம்பி வளர்ந்த பகுதி. கடினப் பாறைக்குள் ஆயிரம் அடியைத் தாண்டிய போர்கள் அங்கே புதிதல்ல. 2024 கோடையில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்ட ஊர் இது. பாறையிடுக்கில் கிடந்து வரும் தண்ணீர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, கீஸர் காயிலில் வெள்ளையாகக் காரை பிடிக்கும். உங்கள் வீட்டு எலக்ட்ரிக் கெட்டிலின் அடியைப் பாருங்கள். இன்ஜினுக்குள் நடப்பதும் அதுதான்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. சர்க்கரை, சாப்பாட்டு உப்பெல்லாம் சூட்டில் கூடுதலாகக் கரையும். இந்தச் சுண்ணாம்பு நேர்மாறு, சூடானால் பிரிந்து படியும். அதனால் அது போய் ஒட்டுகிற இடம் இன்ஜினிலேயே அதிகச் சூடான இடம், அதாவது எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள ஹெட் பகுதி. எங்கே சூடு வேகமாக வெளியேற வேண்டுமோ, அங்கேயே கம்பளி போர்த்தினாற்போல.

ஒரு தடவை ஊற்றினால் குடி முழுகிவிடுமா? முழுகாது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500, வேறு வழியில்லாத இடத்தில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை கடினத்தன்மையை அனுமதிக்கிறது. அப்படிப்பட்ட தண்ணீரில் ஐந்து லிட்டர் ஊற்றினாலும் உள்ளே போவது 3 கிராம் சுண்ணாம்பு. ஆனால் வாரா வாரம் அரை லிட்டர் என்றால் வருடத்துக்கு 26 லிட்டர், கிட்டத்தட்ட 16 கிராம். சொட்டாக ஒழுகினால் அதில் கொஞ்சம் வெளியே போகும். ஆவியாகப் போனால் உப்பு மொத்தமும் உள்ளேயே தங்கும். ரேடியேட்டரின் அலுமினியக் குழல்கள் உள்ளே எவ்வளவு குறுகல் என்று வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அம்பாசடர் காலத்தில் இதற்கு வைத்தியம் இருந்தது. அந்த ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். மேல்தொட்டியைச் சூடுகாட்டிப் பிரித்து, குழல்களுக்குள் கம்பி விட்டுக் குத்தி எடுத்து, மறுபடி ஈயம் வைத்து மூடுவார்கள். ராட் போடுவது என்று பேர். உங்கள் மாமனாரைக் கேளுங்கள், மணிக்கணக்கில் சொல்வார். இன்றைய அலுமினிய ரேடியேட்டருக்குப் பிளாஸ்டிக் தொட்டி. அடைத்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அதற்கும் முன்னால் போகலாம். ஜோலார்பேட்டையிலிருந்து உங்கள் வைட்ஃபீல்ட் வழியாக பெங்களூர் கன்டோன்மென்டுக்கு 1864-ல் ரயில் வந்தது. நீராவி இன்ஜின் ஓடிய நாள் முழுக்க ரயில்வேக்காரர்களுக்கு நிலக்கரியோடு தண்ணீரும் கவலைதான். பாய்லரைக் குளிரவைத்து, கழுவி, படிவைச் சுரண்டுவதற்கென்றே இன்ஜினை அவ்வப்போது ஷெட்டில் நிறுத்துவார்கள். தண்ணீரைச் சூடாக்குகிற எந்த இயந்திரத்துக்கும் இந்த வில்லங்கம் உண்டு.

சரி, சாஃப்ட்னர் தண்ணீர்? இங்கேதான் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். சாஃப்ட்னர் உப்பை எடுப்பதில்லை, மாற்றுகிறது. கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. சுண்ணாம்பு படியாது, உண்மை. ஆனால் குளோரைடு அப்படியே இருக்கும், டி.டி.எஸ். என்கிற மொத்தக் கரைந்த உப்பு குறையாது. போதாக்குறைக்கு அந்த சோடியம் பைகார்பனேட் சூடாகும்போது தண்ணீர் காரத்தன்மைக்குத் திரும்பும். அலுமினியப் பாத்திரத்தில் முட்டை வேகவைத்தால் உள்பக்கம் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அது காரத் தண்ணீர் அலுமினியத்தைத் தொட்ட அடையாளம். அதே உலோகம்தான் உங்கள் ரேடியேட்டரும்.

நம்பாவிட்டால் மொட்டைமாடியில் நான் செய்ததைச் செய்து பாருங்கள். நாலு எவர்சில்வர் தட்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன்: போர் தண்ணீர், சாஃப்ட்னர் தண்ணீர், ஆர்.ஓ., பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டர். தூசி விழாத இடத்தில் வெயிலில் காயவிட்டேன். போர் தட்டில் கெட்டியான வெள்ளை வளையம், நகத்தால் சுரண்டினால்தான் வந்தது. சாஃப்ட்னர் தட்டிலும் வளையம் இருந்தது, ஆனால் ஈர விரலால் தொட்டதும் கரைந்தது. ஆர்.ஓ.வில் மங்கலாக ஒரு கோடு. நாலாவது தட்டில் எதுவும் இல்லை.

ஆர்.ஓ. தண்ணீர் அவசரத்துக்குத் தாராளமாக ஊற்றலாம். உங்கள் வீட்டம்மா சொன்னது மோசமில்லை. ஒன்றே ஒன்று: பல மெஷின்களில் ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே திரும்பக் கலக்கும் திருகு இருக்கும், அல்லது மினரல் சேர்க்கும் குப்பி இருக்கும். குடிக்க நல்லது இன்ஜினுக்கும் நல்லதாக இருக்க வேண்டியதில்லை. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை சாதாரணமாக ஏற்கிறோம். கூலன்டில் கலக்கும் தண்ணீருக்குக் கனரக இன்ஜின் தயாரிப்பாளர்கள் வைக்கும் வரம்பு 40. கடினத்தன்மைக்கு 170. அந்தக் கணக்கில் கேன் தண்ணீரும் ஆர்.ஓ. கட்சிதான், வழியில் முள் ஏறிவிட்டால் கடையில் வாங்கி ஊற்றிக்கொண்டு வீடு வந்து சேரலாம். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை மட்டும் கிட்டேயே சேர்க்காதீர்கள், அது வடிகட்டிய உப்பின் மொத்தம்.

மாமனார் சொன்ன ஏசித் தண்ணீர் பாதி சரி. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் சுண்ணாம்பு கிடையாது. ஆனால் அது வழிந்து வருவது தூசியும் பாசியும் பிடித்த காயில் மேல். அந்தக் காயில் பெரும்பாலும் செம்பு. துளி செம்பு கரைந்து வந்தாலும் அலுமினியத்தில் போய் ஒட்டி, ஊசி குத்தினாற்போல ஓட்டை போடும். அவர் காலத்து லாரிக்குச் செம்பு ரேடியேட்டர், அவருக்கு அது ஒத்துவந்திருக்கும். உங்கள் காருக்கு வேண்டாம்.

காவிரித் தண்ணீர் போரைவிட எவ்வளவோ மேல். தொரேகாடனஹள்ளியில் 2024 அக்டோபரில் தொடங்கிவைத்த ஐந்தாம் கட்டத் திட்டம் நகரைச் சுற்றியுள்ள 110 கிராமங்களையும் மனதில் வைத்துப் போட்டது. ஆனால் அபார்ட்மென்டுகளில் காவிரியும் டேங்கரும் ஒரே சம்ப்பில்தான் சங்கமம். குழாயில் வருவது எது என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே வாங்க வேண்டியது டிஸ்டில்டு வாட்டர், அல்லது டி.எம். வாட்டர் என்கிற உப்பு நீக்கிய தண்ணீர். பேட்டரித் தண்ணீருக்கு ஐ.எஸ். 1069 என்று தர அளவே இருக்கிறது. சீல் உடையாத கேனாகப் பார்த்து வாங்குங்கள். சில கடைகளில் பழைய ஆசிட் கேனைக் கழுவி இதை நிரப்பி வைத்திருப்பார்கள், அதைத் தொடாதீர்கள். இவ்வளவு சுத்தமான தண்ணீரையும் தனியாக ஊற்றக் கூடாது. அது காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசாக அமிலமாகி, இரும்பைத் தின்னத் தொடங்கும். கூலன்டோடு சேர்ந்தால்தான் அதற்கு மரியாதை. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், கலந்தே விற்கும் ரெடிமிக்ஸ் கூலன்டை கார் கையேட்டில் சொன்ன வகையில் வாங்குங்கள். வகை முக்கியம், நிறம் அல்ல. ஜப்பான்காரர்கள் பாஸ்பேட் சேர்ப்பார்கள், சிலிகேட்டைத் தவிர்ப்பார்கள். ஐரோப்பியர்கள் பாஸ்பேட்டை ஒதுக்கினார்கள், காரணம் அவர்கள் ஊர்க் கடினத் தண்ணீரோடு சேர்ந்தால் அது சேறாகத் திரியும். வைட்ஃபீல்டில் பாஸ்பேட் கூலன்டில் போர் தண்ணீரைக் கலப்பவருக்கும் அதே சேறுதான்.

உங்கள் மெக்கானிக் பொய் சொல்லவில்லை, சூட்டை வாங்கிக்கொள்வதில் வெறும் தண்ணீர் கிளைக்கால் கலவையைவிடக் கெட்டிக்காரன். ரேஸ் கார்களில் பல இடங்களில் தண்ணீர்தான், ஏனெனில் கிளைக்கால் தடத்தில் சிந்தினால் வழுக்கும். ஆனால் ரேஸ் இன்ஜினை அடிக்கடி பிரித்துப் போடுகிறார்கள். நீங்கள் ஹோப் ஃபார்ம் சிக்னலுக்கும் ஐ.டி.பி.எல்.லுக்கும் நடுவே டிராஃபிக்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நான் இவ்வளவு எழுதியும் உங்கள் வியாதி தண்ணீரில் இல்லை. இது மூடிய அமைப்பு. சரியாக இருக்கும் காரில் மாதக்கணக்கில் சொட்டுகூடச் சேர்க்க வேண்டியிராது. வாரம் அரை லிட்டர் எங்கே போகிறது?

முதல் சந்தேகம் ரேடியேட்டர் மூடி. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். குக்கரைப் போல அழுத்தம் கொடுத்து அதை 120 வரை தள்ளிப்போடுவது அந்த மூடி. அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று இருப்பது அழுத்த அளவு. ரப்பர் வெடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போனால், குக்கர் கேஸ்கட் போன கதை. தொப்பூரில் கொதித்து ஆவியாகப் போயிருக்கலாம். மூடியின் விலை சில நூறு ரூபாய்தான், முதலில் அதை மாற்றுங்கள். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு மட்டும் திறங்கள். இருபது வயதில் நான் ஒரு வொர்க்ஷாப்பில் அவசரப்பட்டுத் திறந்து, முழங்கைவரை தோல் உரிந்து மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சின்ன ஓட்டை. சீல் தேய்ந்தால் அங்கே கசிந்து காய்ந்த வெள்ளைத் தடம் இருக்கும். பிறகு பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் ரேடியேட்டர் விளிம்பு, ஹோஸ் கிளிப்புகள். காருக்குள் இனிப்பு வாசனை, கண்ணாடியில் எண்ணெய்ப் பனி, கால்மிதி ஈரம் என்றால் ஹீட்டர் கோர். வெளியே எதுவும் சொட்டவில்லை, ஆனால் தண்ணீர் மட்டும் குறைகிறது, டப்பாவில் குமிழி வருகிறது, ஆயில் மூடியில் மோர் மாதிரி படிந்திருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கட். அப்புறம் ஊருக்குப் போகிற யோசனையைத் தள்ளிவையுங்கள்.

ஒழுகலை அடைத்த பிறகு ஃப்ளஷ். பழசை வடித்தாலும் பிளாக்குக்குள் கணிசமான தண்ணீர் நின்றுவிடும். அதனால் ஹீட்டரைச் சூட்டில் வைத்து, குழாய்த் தண்ணீரால் தெளியும்வரை கழுவிவிட்டு, கடைசி இரண்டு தடவை டிஸ்டில்டு வாட்டரிலேயே ஓட்டி வடிக்கச் சொல்லுங்கள். ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் சாவியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், அலுமினியம் தாங்காது. வடித்த கூலன்டைச் சாக்கடையில் விட வேண்டாம், வர்த்தூர் ஏரிக்கு ஏற்கெனவே போதும் போதும் என்றாகிவிட்டது. குடிதண்ணீர் பாட்டிலில் அதை ஊற்றியும் வைக்காதீர்கள். இனிக்கும் விஷம், குழந்தைகளும் நாயும் குடித்துவிடும்.

இன்றிரவு இன்ஜினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து நிறுத்துங்கள். காலையில் ஈரம் முன்பக்கமா, பெல்ட் பக்கமா, டிரைவர் கால் பக்கமா, அல்லது எங்குமே இல்லையா என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.