நாளை என்று சொன்ன புனிதர்

“நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.” நம் வீடுகளில் இந்தச் சொல் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒலிக்கிறது! அம்மாவுக்கு உதவி செய்ய நாளை, பாடம் படிக்க நாளை, செபமாலை சொல்லவும் நாளை. பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட எங்களுக்கோ இன்னும் நல்ல சாக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. “பொதுத் தேர்வு முடியட்டும்” என்றால் வீட்டில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஆண்டவரும் மறுக்கமாட்டார் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம்.

மானிட வாழ்வு நிலையற்றது என்பதை அறியாதவர் யார்? திருவள்ளுவர் நிலையாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆண்டுதோறும் சாம்பல் புதனன்று குருவானவர் நம் நெற்றியில் சாம்பல் பூசுகிறார். அறிந்தும் ஏன் தள்ளிப்போடுகிறோம்? இதைச் சிந்தித்தபோது, தள்ளிப்போடுவதில் நம் எல்லாரையும் மிஞ்சிய ஒரு புனிதர் நம் நினைவுக்கு வந்தார்.

அவர்தாம் புனித அகுஸ்தினார். கி.பி. 354இல், இன்றைய அல்ஜீரியா நாட்டில் அன்றிருந்த தகாஸ்தே என்னும் ஊரில் பிறந்தவர். தாயார் மோனிக்கா பக்தி மிகுந்த கிறிஸ்தவப் பெண்மணி. சிறுவயதில் அகுஸ்தினார் வயிற்றுவலியால் சாகும் தறுவாயில் இருந்தபோது, ஞானஸ்நானம் வேண்டுமென்று கேட்டார். ஏற்பாடு நடந்துகொண்டிருக்கையிலேயே நோய் தணிந்தது. ஞானஸ்நானமும் நின்றுபோயிற்று!

இது நமக்கு விந்தையாகத் தோன்றும். ஆனால் அக்காலத்தில் பலர் இப்படித்தான் செய்தார்கள். ஞானஸ்நானம் எல்லாப் பாவங்களையும் கழுவிவிடும். அதன்பின் பெரும் பாவம் செய்தால் கடுமையான தவமுயற்சி செய்ய வேண்டும். ஆகவே கடைசியில் பெற்றுக்கொண்டால் போதும் என்று கணக்குப் போட்டார்கள். திருச்சபைக்கு விடுதலை அளித்த பேரரசர் கான்ஸ்டன்டைன்கூட 337இல் மரணப் படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு அந்தக் கணக்குச் சரியாக வந்தது. எல்லாருக்கும் வருமா?

அகுஸ்தினார் கல்வியில் சிறந்து ஆசிரியரானார். தாயின் விசுவாசத்தை விட்டு விலகினார். உடன் படித்து வளர்ந்த ஆருயிர் நண்பன் ஒருவனையும் விலகச் செய்தார். அந்த நண்பன் காய்ச்சலில் விழுந்து நினைவிழந்து கிடந்தபோது அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவன் கண் விழித்ததும், சேர்ந்து சிரிப்பான் என்றெண்ணி, அகுஸ்தினார் அதைப் பற்றிக் கேலி பேசினார். நண்பனோ பகைவனைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்து, அப்படிப் பேச வேண்டாமென்று கண்டித்தான். அவனுக்கு உடம்பு தேறட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அகுஸ்தினார் பொறுத்திருந்தார். சில நாட்களில் காய்ச்சல் திரும்பியது, நண்பன் இறந்தான். அந்த நேரத்தில் அகுஸ்தினார் அருகில்கூட இல்லை.

அகுஸ்தினாரின் வரலாற்றில் நம்மை மிகவும் உலுக்கிய இடம் இதுதான். எங்கள் வகுப்பிலேயே அரையாண்டுத் தேர்விலிருந்து முகம் கொடுத்துப் பேசாத தோழியர் இருவர் உண்டு. தவக்காலம் வரட்டும் என்று இருவருமே காத்திருக்கிறார்கள். (யாரென்று எழுதினால் நம்மோடும் பேசமாட்டார்கள்!)

இத்தனைக்குப் பிறகும் அகுஸ்தினார் உடனே மனந்திரும்பிவிடவில்லை. இன்னும் பத்தாண்டு ஓடிற்று. தூய வாழ்வுக்காக மன்றாடுவாராம். அது உடனே கிடைத்துவிடக் கூடாதே என்று உள்ளூரப் பயப்படுவாராம். நம் மன்றாட்டுகளில் சிலவும் இந்த வகையைச் சேர்ந்தவை அல்லவா? மோனிக்கா கண்ணீரோடு செபித்துக்கொண்டே கடல் கடந்து மகனைத் தேடி இத்தாலிக்குப் போனார். 386இல் மிலான் நகரில் ஒரு தோட்டத்தில் அகுஸ்தினாரின் மனம் முற்றிலும் திரும்பியது. 387ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் ஆயர் அம்புரோசியார் அவருக்கு ஞானஸ்நானம் அளித்தார். தாயார் அருகில் இருந்து கண்குளிரக் கண்டார்.

அதே ஆண்டிலேயே, ஊர் திரும்பும் வழியில், ஓஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா காய்ச்சலில் விழுந்தார். ஒன்பதாம் நாள் காலமானார். வயது 56. மகன் இன்னும் ஓராண்டு “நாளை” என்று சொல்லியிருந்தால், அந்தத் தாய் எதைக் கண்டு கண்மூடியிருப்பார்? நம் காலத்தை மட்டும் நாம் தள்ளிப்போடுவதில்லை. நமக்காகச் செபித்துக் காத்திருக்கும் பெற்றோரின் காலத்தையும் சேர்த்தே தள்ளிப்போடுகிறோம்.

அந்தப் பாஸ்கா இரவில் அகுஸ்தினாரோடு அவருடைய மகனும் ஞானஸ்நானம் பெற்றான். அதெயோதாத்துஸ் என்று பெயர். ‘இறைவன் தந்தவன்’ என்று பொருள். வயது சுமார் 15, நம் வயதுதான். தந்தையும் மகனும் உரையாடுவதாக ‘ஆசிரியர்’ என்றொரு நூல் உண்டு. அதில் மகன் பேசுவதெல்லாம் 16 வயதில் அவனே சிந்தித்தவை என்று தந்தை வியந்து எழுதியிருக்கிறார். அதன்பின் அவன் நெடுநாள் வாழவில்லை. ஆனால், அவனை நினைக்கும்போது தமக்கு அச்சம் ஏதும் இல்லை, அமைதியோடுதான் நினைக்கிறேன் என்கிறார் அகுஸ்தினார்.