சிற்றில் இழைத்த சிறுமியர்

இல்லத்தில் பூசை செய்யும் அன்பர் பலரின் உள்ளத்தில் ஓர் அச்சம் குடிகொண்டிருக்கிறது. மந்திரத்தில் ஓர் எழுத்துப் பிழைத்ததோ, நிவேதனத்தில் ஏதேனும் குறைந்ததோ, அது தெய்வக் குற்றமாகி விடுமோ என்று அவர்தம் மனம் நடுங்குகிறது. குறைவறச் செய்ய இயலாவிடில் செய்யாதிருத்தலே நன்று என எண்ணி, நாள்தோறும் ஏற்றி வந்த விளக்கையே நிறுத்திவிட்டவர்களும் உண்டு. மார்கழி வைகறையில் ஒரு புள்ளி தவறியதற்காகக் கோலம் முழுவதையும் அழித்து மீண்டும் தொடங்கி, சந்நிதியில் திருப்பள்ளியெழுச்சி சேவிக்கும் பேற்றை இழக்கும் மங்கையரும் உண்டு.

இவ்வச்சத்திற்கு மருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த ஆண்டாள் நாச்சியாரின் திருவாக்கில் இருக்கிறது. 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழியில் இரண்டாம் திருமொழி, சிற்றில் இழைத்து விளையாடும் ஆயர் சிறுமியர் கண்ணனிடம் செய்யும் முறையீடாக அமைந்துள்ளது. சிற்றில் என்பது மணலால் கட்டும் சிறு வீடு. சிறிய பானையும் சிறு முறமும் கொண்டு, வெண்மையான நுண்மணலைத் தெள்ளி எடுத்து, முதுகு நோவ நாள் முழுதும் அமர்ந்து, வீதியில் அவர்கள் வீடு கட்டுகின்றனர். கண்ணன் வருகிறான்; அதனை அழிக்க முற்படுகிறான். சிதைக்காதே என்று மன்றாடுகின்றனர் சிறுமியர். முறையீட்டிற்குக் குறைவே இல்லை, குழந்தைகள் அல்லவா!

அம்முறையீட்டின் நடுவே அவர்கள் கூறும் ஒரு சொல் வியப்புக்குரியது. நாங்கள் இழைத்த கோலத்தை நீ அழித்தாலும் எங்கள் உள்ளம் உன்பால் ஓடி உருகுமேயன்றி, உன்மேல் சிறிதும் சினம் கொள்ள மாட்டோம் என்கின்றனர்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். அச்சிறுமியர் ஏனோதானோ என்று கட்டியவர் அல்லர். மணலைத் தெள்ளியவர்கள், முதுகு நோவ உழைத்தவர்கள். விளையாட்டு என்றால் அக்கறையின்மை என்று பெரியோர் கொள்வது பிழை. குழந்தை தன் மணல் வீட்டில் வைக்கும் கவனத்தில் பாதியைக்கூடப் பெரியோர் தம் தொழிலில் வைப்பதில்லை. ஆயினும், அவ்வீடு கோணலானால் குழந்தை தன்னை இகழ்ந்துகொள்வதில்லை; கலைந்தால் அடுத்த வீட்டிற்கு மணலைக் குவிக்கிறது. பெரியோரோ, செய்த பணியையும் தம்மையும் ஒன்றாகக் கருதி, பணியில் குறை வந்தால் தாமே குறையுற்றதாக வருந்துகின்றனர்.

பிள்ளைத்தமிழ் நூல்களும் இச்சிற்றிலை மறக்கவில்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றில் பருவமும் ஒன்று. அங்கே சிற்றிலைச் சிதைக்க வரும் குழந்தையாகவே இறைவனைக் கண்டு புலவர்கள் பாடினர்.

திருக்கோயில் வழிபாட்டிலும் இதே இயல்பு காணப்படுகிறது. நெடுநேரம் முயன்று சாத்திய சந்தனக்காப்பு பின்னர்க் களையப்படுகிறது. நேற்றைய மாலை இன்று நிர்மாலியமாகிறது. விநாயக சதுர்த்திக்குக் களிமண்ணால் வடித்த திருமேனி நீரில் கரைகிறது. அவற்றை நிலைநிறுத்த எவரும் முயல்வதில்லை. மறுநாள் புதிய மாலை தொடுக்கப்படுகிறது.

பூசை விதிகளை வகுத்த முன்னோரும் மனிதன் தவறுவான் என்பதை அறிந்தே இருந்தனர். அதனாலன்றோ பூசையின் முடிவில், மந்திரத்திலும் கிரியையிலும் பக்தியிலும் நேர்ந்த குறைகளைப் பொறுத்து, இதனை நிறைவுடையதாக ஏற்றருள வேண்டும் என்னும் விண்ணப்பத்தைச் சேர்த்து வைத்தனர்! பிழை நேர்ந்தவர் மட்டும் சொல்வதற்காக அது அமைக்கப்படவில்லை. நன்கு பயின்ற அர்ச்சகரும் அதனைச் சொல்லியே பூசையை நிறைவு செய்கிறார். அச்சத்தால் விளக்கை நிறுத்திய அன்பர்கள் இன்று மாலையே அதனை மீண்டும் ஏற்றலாம். திரி சற்றுக் கோணலாக இருந்தாலும் சுடர் மேல்நோக்கியே நிற்கும். அருகில் பேரக்குழந்தை இருப்பின், எண்ணெய் வார்க்கும் பணியை அதன் கையில் கொடுக்கலாம். சிறிது சிந்தும், துடைத்துக்கொள்ளலாம்.