தாஸ்காவில் விடும் முதல் வாரம்

தங்கச்சி, விடியுமுன்னே பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்கு ஓடுகிறவள் நீ. தாஸ்கா, அதாவது பிள்ளைக் காப்பகம், என்றாலே எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்றுதான் முதலில் கேட்பாய். ஜொகூரில் மாசாயோ ஸ்கூடாயோ, அந்நேரத்துக்குக் கதவு திறப்பவர் கிடைப்பதே பெரும்பாடு, தெரியும். ஆனாலும் பிள்ளைகள் தூங்கும் அறையைப் பார்க்காமல் பணம் கட்டாதே. சுவரில் ஒட்டிய ஏபிசிடி, கார்ட்டூன் எல்லாம் அப்புறம்.

2000-இல் அமெரிக்க மருத்துவர் ரேச்சல் மூனும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்த சிசுக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, பிறர் பராமரிப்பில் இருந்தபோது இறந்திருந்தது. அவற்றிலும் மூன்றில் ஒரு பங்கு, விட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே. வீட்டில் மல்லாந்து தூங்கிப் பழகிய பிள்ளையைப் புது இடத்தில் குப்புறப் போட்டால் ஆபத்து பல மடங்கு. அதன்பின் அங்கே பல மாநிலங்கள் காப்பக விதிகளை மாற்றின. இத்தகைய மரணம் அதிகம் நேர்வது இரண்டிலிருந்து நான்கு மாதத்துக்குள். உன் விடுப்பு முடிவதும் அப்போதுதான்.

குப்புறப் போட்டால் திடுக்கிடாமல் தூங்கும், மல்லாந்தால் கக்கிய பால் புரையேறும் என்று அத்தைமார் சொல்வார்கள். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். பிரிட்டனில் 1991-இல் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தார்கள். சில ஆண்டுகளில் இந்த மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின.

அதனால் தாஸ்கா டீச்சரிடம் நேராகவே சொல்: மல்லாக்க, தட்டையான கெட்டி மெத்தையில், தலையணையும் பஞ்சுப் பொம்மையும் இல்லாமல். சாரோங் தொட்டிலும் வேண்டாம், கழுத்து மடங்கி மோவாய் நெஞ்சில் இடிக்கும். இதைக் கேட்டு அம்மா என்னைத் திட்டுவார், திட்டட்டும். வீட்டிலும் இதே முறைதான். இரண்டு இடத்தில் இரண்டு பழக்கம் கூடாது. வேலைக்குத் திரும்புமுன் ஒரு வாரம் அரைநாள் மட்டும் விட்டு, முதல் தூக்கத்தின்போது பக்கத்திலேயே இரு.

அடுத்தது தலை எண்ணுவது. மலேசியாவின் 1984-ஆம் ஆண்டுக் காப்பகச் சட்டப்படி, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ பார்த்துக்கொள்ளும் இடம் சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைக்கு ஒருவர், ஒன்று முதல் மூன்று வயதுவரை ஐந்து பேருக்கு ஒருவர். சான்றிதழைக் காட்டச் சொல்லத் தயங்காதே. காட்ட முகம் சுளித்தால் வேறு இடம் பார். பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் கண்டால் 15999 என்ற உதவி எண்ணுக்கு அழை, இருபத்துநாலு மணிநேரமும் எடுப்பார்கள்.

காலையில் மட்டும் எண்ணிவிட்டு வராதே. மாலையில் பாலம் ஜாமானால் நீ வந்து சேர எட்டாகும். அதற்குள் பாதி டீச்சர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்நேரம் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேள். ஒருநாள் சொல்லாமல் போய் நீயே எண்ணு.